எந்தக் காலத்திலும் வாடகைக்கு அல்ல

இருபத்தொன்பது என்று கூப்பிடுகிறார்கள். என் கையில் இருக்கும் சீட்டு முப்பத்தேழு. நடுவில் ஏழு பேர். ஆளுக்கு மூன்று நிமிடம் என்று கதவில் ஒட்டியிருக்கிறது, ஆனால் இருபத்தெட்டாம் எண்காரர் மைக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார், தோளைத் தொட்டு உட்காரவைக்க வேண்டியிருந்தது. ஆக அரை மணியும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். கழிப்பறைக்குப் போய் வந்துவிடலாமா. பெண்கள் கழிப்பறைச் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது, வாட்ச்மேன் டீ வாங்கப் போயிருக்கிறார். நான் வெளியே நிற்கும்போது என் எண்ணைக் கூப்பிட்டுத் தாண்டிவிட்டால் எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன்: பேசத்தான் வந்தேன், எண் போய்விட்டது, கர்த்தருக்குச் சித்தமில்லை. வேண்டாம். அடக்கிக்கொண்டு உட்கார், எப்சிபா. பதினோரு வருடம் சாலையில் அடக்கிக்கொண்டு ஓட்டியவளுக்கு ஒரு மணி நேரம் பெரிதா. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீடு ஒரு பக்கம், பெண் வீடு ஒரு பக்கம் உட்காருவதுபோல, யாரும் சொல்லாமலே இடது பக்கம் மஞ்சள் போர்டுக்காரர்கள், வலது பக்கம் ஒயிட் போர்டுக்காரர்கள். அவர்கள் வாடகைக்கென்று பதிவு செய்து, வரி கட்டி, மஞ்சள் நம்பர் பலகை மாட்டி ஓட்டுகிறவர்கள். நாங்கள் சொந்த உபயோகத்துக்கென்று வாங்கிய காரை வெள்ளைப் பலகையோடு வாடகைக்கு ஓட்டுகிறவர்கள். ஓட்டுகிறோம் என்று ஊருக்கே தெரியும். இந்தக் கூடத்தில் மட்டும் தெரியாது. மேடையில் மூன்று அதிகாரிகள், ஓரத்தில் மடிக்கணினியோடு குறிப்பெடுக்கும் ஒரு பெண், அவர்களுக்குப் பின்னால் துணியில் ‘வாடகை வாகன விதித் திருத்தம், கருத்துக் கேட்புக் கூட்டம்’. பக்கத்து நாற்காலியில் சுப்புக்குட்டி. என்னைப்போல அவனும் ஒயிட் போர்டு, என்னைவிடப் பத்து வயது இளையவன், வாய் மட்டும் மூத்தது. "எக்கா, மூணு நிமிசம் பேசி மூணு வருசத்தத் தொலச்சிராதிய" என்கிறான், மூன்றாவது தடவையாக. ஏசி சத்தம் போடுகிறது, குளிர்ச்சி வரவில்லை.

மூன்று வருடம் என்று அவன் சொல்வது விதி பதினான்கு, உட்பிரிவு இ. எனக்கு அது மனப்பாடம். ஒயிட் போர்டு வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் மனு போட்டால் மஞ்சள் போர்டுக்கு மாறிக்கொள்ளலாம், பர்மிட் தருவார்கள், பயணிகளுக்கும் காப்பீடு உண்டு. நல்ல விதி. இதற்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன். ஆனால் மனுவோடு ஓர் உறுதிமொழிப் பத்திரம் வைக்க வேண்டும்: மேற்படி வாகனம் எந்தக் காலத்திலும் வாடகைக்கோ வெகுமதிக்கோ இயக்கப்படவில்லை என்று உறுதி கூறுகிறேன். இயக்கியிருந்தால் மூன்று வருடத்துக்கு மனுவே போட முடியாது. எந்தக் காலத்திலும். நேற்றிலிருந்து இந்த ஒரு சொல் பல்லில் மாட்டிய மாம்பழ நார் போல இருக்கிறது, நாக்கு அங்கேயே போகிறது. எந்தக் காலத்திலும் வாடகைக்கு ஓட்டாதவனுக்கு வாடகை பர்மிட் எதற்கு? எவன் கேட்பான்? கேட்கிறவன் எல்லாம் ஓட்டியவன். ஓட்டியவன் எல்லாம் ஓட்டவில்லை என்று எழுத வேண்டும். எழுதினால் உள்ளே வா, உண்மையைச் சொன்னால் வெளியே நில். விதி இன்னும் வரைவுதான், அதற்குள் வாசலில் பத்திரம் எழுதுகிறவர் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் அடுக்கடுக்காக அச்சடித்து வைத்திருக்கிறார், பெயரும் வண்டி எண்ணும் மட்டும் காலி. "எல்லாருக்கும் ஒரே வாசகந்தாம்மா, படிக்க வேண்டியதில்ல" என்றார். சுப்புக்குட்டி படிக்காமல் கையெழுத்துப் போட்டான். "தெனமும் சொல்லுத பொய்தான எக்கா, இன்னைக்கு முத்திரத்தாள்ல சொல்லுதோம்" என்றான். என்னுடையது கைப்பைக்குள் இருக்கிறது, கையெழுத்து இல்லாமல். பேனாவும் உள்ளேதான் இருக்கிறது. முப்பது. எழுந்து போகிறவர் வேட்டியைச் சரிசெய்கிறார்.

தினமும் சொல்கிற பொய். உண்மைதான், தினமும்தான். ஆள் ஏறும்போதே கேட்பேன், அண்ணாச்சி பேரு என்ன, எந்தத் தெரு, யாரப் பாக்கப் போறிய. கதவு சாத்தினதும் நான் அவர்களுக்கு உறவு. செக்கிங் நிற்கிற விலக்கு, அந்தச் சாலைப் பிரிவு, வருவதற்குள் பாடம் முடிந்திருக்க வேண்டும். என்னைப்போல வேதக்காரக் குடும்பம் என்றால் சித்தி மகள். மற்றவர்கள் என்றால் எதிர்வீடு, ஏனென்றால் முன்கண்ணாடியில் பைபிள் வசன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, லைசென்சில் எப்சிபா என்று இருக்கிறது, எதிர்வீட்டுக்கு எந்தச் சாமியும் இருக்கலாம். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் சின்ன நோட்டில் எழுதிவைத்துப் படித்துக்கொண்டு வந்தார். ஒரு வயதான தம்பதி, இன்ஸ்பெக்டர் குனிந்து கேட்டதும் புருஷன் மகள் என்கிறார், அதே நொடியில் மனைவி மருமகள் என்கிறாள். "ரெண்டும் ஒண்ணாவாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர். "மருமகதான் சார், மக மாதிரி வச்சிருக்கோம்லா" என்றாள் அந்த அம்மா, கண் இமைக்காமல். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். பெண் பார்க்கப் போன ஒரு மாப்பிள்ளைக்கு நான் அத்தை. போன இடத்தில் டிரைவர் என்று மாற்றிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் கேசரி வைத்து, அத்தைக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். நல்ல பிள்ளை என்றேன். கல்யாணத்துக்கும் என் கார்தான் போயிற்று, அன்றைக்கு அத்தை மண்டபத்துக்கு வெளியே வண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இது என் தம்பி சவூதிக்குப் போகும்போது விட்டுப்போன கார். மருந்துக்கடை வேலை நின்றதும் ஸ்டியரிங்கைப் பிடித்தவள், மஞ்சள் போர்டு மாற்றலாம் என்று இரண்டு தடவை போனேன். பழைய விதியில் இத்தனை வருடம் ஓடிய தனியார் காருக்கு இடமில்லை என்றார்கள். அது உண்மையா, கவுண்டரில் இருந்தவருக்குத் தெரிந்தது அவ்வளவுதானா, நான் மூன்றாவது தடவை போகவில்லை. ஏன் போகவில்லை? பொய் வேலை செய்துகொண்டிருந்தது. வேலை செய்கிற பொய்யை யார் மாற்றுவார்கள்.

முப்பத்திரண்டு, மீரான் பாய். மஞ்சள் போர்டு ஸ்டாண்டின் சங்கத் தலைவர். இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறார். காக்கிச் சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு மாட்டியிருக்கிறார், பேட்ஜ் மின்னுகிறது. மைக்கைத் தொடவில்லை, தேவையும் இல்லை. "ஐயா, நாங்க வருசா வருசம் வண்டிய எஃப்.சி. சோதனைக்குக் காட்டுதோம். பர்மிட் எடுக்கோம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டச் சொன்னிய, மாட்டினோம். ஆபத்துப் பட்டன் வைக்கச் சொன்னிய, வச்சோம். இவுகளுக்கு என்ன? ஒரு டப்பா மஞ்சப் பெயிண்டு! அடிச்சிட்டு நாளைக்கு எங்க வரிசையில நிப்பாக." எங்கள் பக்கம் முணுமுணுப்பு. அவர் திரும்பிப் பார்க்கிறார். "ரோட்டுல மறிச்சுக் கேட்டா அத்தன பேரும் சொந்தக்காரவுக. இவுக சொந்தபந்தத்த ஒரு நாள் விருந்துக்குக் கூப்பிட்டா இந்த ஜில்லாவுல சாப்பாட்டு எல பத்தாது!" இடது பக்கம் கை தட்டுகிறது. எனக்கும் சிரிப்பு வருகிறது, கீழே பார்த்துக்கொள்கிறேன். அவர் சொல்வதில் எது தப்பு? ஒன்றுமில்லை. எத்தனை சவாரியை அவர் ஸ்டாண்டு வாசலிலேயே தூக்கியிருக்கிறேன். தப்பு செய்தவன் உள்ளே வரக் கூடாது என்று அவர் சங்கம்தான் மனு கொடுத்தது, அதிலிருந்துதான் பதினான்கு இ பிறந்தது என்கிறார்கள். அவர் கேட்டது வேறு, வந்திருப்பது வேறு. தப்பு செய்தவனை நிறுத்தும் கதவு என்று நினைத்து, பொய் சொல்லத் தெரியாதவனை மட்டும் நிறுத்தும் கதவைச் செய்துவைத்திருக்கிறார்கள். இதை அவரிடம் போய்ச் சொல்ல முடியுமா. சொன்னால் "நீ யாருக்கு மச்சினி, அத மொதல்ல சொல்லு" என்பார். சுப்புக்குட்டி என் காதருகே, "காக்கிச் சட்டைக்குள்ள எவ்வளவு காத்து பாருங்க எக்கா" என்கிறான். சும்மா இருடே என்கிறேன். என் குரல் எனக்கே தடித்துக் கேட்கிறது. தொண்டை காய்ந்திருக்கிறது. தண்ணீர் குடித்தால் கழிப்பறை.

காய்ந்த தொண்டை. அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது, காலை ஒன்பதரை இருக்கும், வெயில் ஏறியிருந்தது. செவ்வாய்க்கிழமை. சண்முகத்தாயக்காவும் அவள் புருஷனும் பின் சீட்டில். அவருக்கு வாரம் இரண்டு தடவை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், பஸ்ஸில் வந்தால் வாந்தி, அதனால் மூன்று வருடமாக என் கார். எங்கள் பாடம் எதிர்வீடு. மூன்று வருடம் சொல்லிச் சொல்லி எதிர்வீடு என்பது கிட்டத்தட்ட நிஜமாகியிருந்தது, அவள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு என் வீட்டுக்கு வரும், என் வீட்டுக் கிறிஸ்மஸ் முறுக்கு அவள் வீட்டுக்குப் போகும். நான் தூங்கவில்லை. போன் பேசவில்லை. இதை எத்தனை தடவை எனக்கே சொல்லியாயிற்று. ஒரு லோடு ஆட்டோ கையும் காட்டாமல் திரும்பியது, நான் ஒடித்தேன், இடது பக்கம் முழுவதும் பாலத்துக் கட்டையில் உரசிக்கொண்டே போய் நின்றது. அவள் இடது கை ஜன்னல் விளிம்பில் இருந்தது. சத்தம் எனக்கு நினைவில்லை. பின்னால் திரும்பியபோது அவள் புருஷனின் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, வண்டிய எடு" என்றாள். மூன்று விரல். பீடி சுற்றுகிறவள். இலையைப் பிடிக்கிற கை அது. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் நோட்டோடு வந்து என்னைப் பார்த்து, "வாடகை வண்டியா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அவள் ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் தூக்கி, "வாடகையெல்லாம் இல்ல சார், ஏந் தங்கச்சி, கூடப் பொறந்த தங்கச்சி" என்றாள். எதிர்வீடு என்றல்லவா சொல்லிவைத்திருந்தோம். வலியில் அவளுக்கு எதிர்வீடு போதவில்லை. என்னைக் காப்பாற்ற அதைவிட நெருக்கமான ஒன்றை எடுத்தாள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். எழுதியது எழுதியதுதான். முப்பத்து நான்கு. அதற்குள்ளா. முப்பத்து மூன்று வரவில்லை போல.

நஷ்ட ஈட்டுக்கு மனு போட்டோம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு வந்தவர் மரியாதையான ஆள், செருப்பை வெளியே கழற்றினார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், வருகிற வழியில் என் காரின் முன்கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "நீங்க சண்முகத்தாய். இவுங்க எப்சிபா. கூடப் பொறந்தவுங்க." ஆமா என்றாள் அக்கா, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. "ஒங்க அம்மா பேரு என்னம்மா?" "ஆவுடையம்மா." என் பக்கம் திரும்பினார். "ஒங்க அம்மா பேரு?" ஒரே ஒரு சொல். ஆவுடையம்மா. அதைத் திருப்பிச் சொன்னால் போதும். பதினோரு வருடமாக மகளாகவும் மருமகளாகவும் அத்தையாகவும் இருந்த வாய் இது. ஞானப்பூ என்று வந்துவிட்டது. பெற்றவள் பெயரை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. உண்மை சொல்ல நான் தேர்ந்தெடுத்த இடம் அது, இல்லை, தேர்ந்தெடுக்கவில்லை, அதுவாக வந்தது, வந்தது அவள் கையின் மேல் விழுந்தது. அவர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. ‘உறவுமுறை பொய், வாகனம் விதிக்குப் புறம்பாக வாடகைக்கு இயக்கப்பட்டது, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’ ஆவுடையம்மா என்று சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தால் ரேஷன் கார்டைக் கேட்டிருப்பார். கேட்டிருக்க மாட்டார். கேட்டிருப்பார். இரவும் பகலும் இந்த இடத்தில் வந்து நிற்கிறேன், பழுதான சிக்னலில் நிற்பதுபோல, சிவப்பும் மாறவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். மஞ்சள் போர்டில் ஏறியிருந்தால் அவள் பயணி. பயணிக்கு உரியது அவளுக்கு வந்திருக்கும். யாருக்கும் தங்கையாக இருக்க வேண்டியதில்லை. என்னுடைய பொய்க்கு அபராதம் கட்டியது நான் இல்லை, பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவள்.

அதனால்தான் பேச வேண்டும். இதை நேற்று சாயங்காலம் அவளிடமே போய்ச் சொன்னேன், சொல்லாமல் வருவது இன்னொரு பொய்யாக இருக்கும் என்று. ஒரு கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். "பேசி என்ன ஆவும்?" "அந்த வாசகத்த எடுப்பாக. ஓட்டுனேன்னு உண்மைய எழுதிக் குடுக்கவனுக்கும் போர்டு குடுப்பாக." "எடுக்கலன்னா?" "என் மனு போயிரும். மூணு வருசம். அதுக்குள்ள ஆள் ஏத்தினா வண்டியப் பிடிச்சிருவாக." "அப்ப செவ்வாக்கெழம இவுகள எதுல கூட்டிட்டுப் போவ?" இதைத்தான் கேட்பாள் என்று தெரியும், பதில் வைத்திருந்தேன். ஐந்து பத்துக்கு ஒரு பஸ், இறங்கி இன்னொரு பஸ், நானும் கூட வருகிறேன் என்றேன். "நீ வந்து பஸ்ஸ ஓட்டவா போற?" என்றாள். சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்காவப் பேசுதேன்னு மட்டும் சொல்லாத எப்சி. ஏங் கையக் காட்டி நீ ஒண்ணும் கேக்க வேண்டாம்" என்றாள். சரி என்றேன். அவள் புருஷன் உள்ளேயிருந்து இருமினார். அந்த இருமலை இப்போதும் கேட்கிறேன். அவருக்குக் கார் வேண்டும், மூன்று வருடம் அவர் காத்திருக்க மாட்டார், அவருடைய உடம்பு விதி திருத்தத்துக்கெல்லாம் நிற்காது. கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன? பேனா பைக்குள் இருக்கிறது. போட்டால் இரண்டு மாதத்தில் மஞ்சள் போர்டு, அவர் ஏசி போட்டுக்கொண்டு, காப்பீட்டோடு, மரியாதையாகப் போவார். ஒரே ஒரு பொய், கடைசிப் பொய். சுப்புக்குட்டி அதைத்தான் சொல்கிறான். கடைசிப் பொய் என்று நான் எத்தனை விலக்கில் நினைத்திருக்கிறேன். எந்தக் காலத்திலும் வாடகைக்கு அல்ல என்று நான் எழுதினால், அந்தக் காலத்துக்குள் அந்தச் செவ்வாய்க்கிழமையும் அடங்கும். அன்றைக்கு அவள் என் காரில் பயணியாக இல்லவே இல்லை என்று ஆகும். அவள் விரல்கள் எங்கே போயின என்று எந்தத் தாளும் சொல்லாது. இதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். பஸ்ஸில் போவோம். வாந்தி எடுத்தால் பை பிடிப்பேன். முடியாத அன்றைக்கு மஞ்சள் போர்டுக்காரர் யார் காலிலாவது விழுவேன். சொல்ல வேண்டியது மூன்று வாக்கியம். பதினான்கு இ-யை எடுங்கள். ஓட்டினேன் என்று எழுதிக் கொடுப்பவருக்கு அபராதம் போட்டாவது போர்டு கொடுங்கள். ஓட்டவே இல்லை என்று எழுதிக் கொடுப்பவரை நம்பாதீர்கள். மூன்றும் பொதுவானவை. நான் ஓட்டினேன் என்று சொல்லாமலே சொல்லிவிடலாம். முடியுமா? முப்பத்தாறாம் எண்காரர் பொதுவாகத்தான் பேசுகிறார், சிலர், பலர், சில இடங்களில், குறிப்பெடுக்கும் பெண் தட்டவே இல்லை, விரலால் மேசையில் தாளம் போடுகிறாள்.

முப்பத்தேழு. எழுந்திருக்கிறேன். சுப்புக்குட்டி "எக்கா" என்கிறான், அவ்வளவுதான் அவனாலும் முடிகிறது. மைக் என் உயரத்துக்கு இல்லை, யாரோ இறக்குகிறார்கள். பெயர் சொல்கிறேன், ஊர் சொல்கிறேன். "பதினோரு வருசமா நான் ஒயிட் போர்டுல வாடகைக்கு ஓட்டுதேன் சார்" என்கிறேன். திட்டமிட்ட மூன்று வாக்கியத்தில் இது இல்லை. கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிடுகின்றன. தட்டும் சத்தம் கேட்கிறது, அந்தப் பெண் இப்போது தட்டுகிறாள். "என் வண்டியில வந்த ஒருத்தவுகளுக்கு அடிபட்டுச்சு. அவுக பேரச் சொல்ல மாட்டேன். நாங்க உறவுன்னு பொய் சொன்னோம், அவுகளுக்கு ஒண்ணும் கெடைக்கல. இந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா அதே பொய்ய நீங்களே எங்கள எழுத வைக்கிய." நடுவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி கையைத் தூக்குகிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்கிறார், களைத்த முகம், கெட்ட முகம் இல்லை. "அம்மா, ஒரு நிமிசம். கருத்தப் பொதுவா சொல்லுங்க, போதும். சொந்த விசயம் பதிவுல ஏறிட்டா நாளைக்கு உங்க மனு என் மேசைக்கு வரும்போது நான் ஒண்ணும் செய்ய முடியாது." குறிப்பெடுக்கும் பெண் பக்கம் திரும்புகிறார். "இதுவரைக்கும் அவங்க சொன்னதப் பதிவுலேர்ந்து எடுத்துருங்க." அவள் விரல் அழிக்கும் பொத்தானின் மேல் நிற்கிறது. நல்ல மனுஷன். குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டு விட்ட அந்த இன்ஸ்பெக்டரும் நல்ல மனுஷன்தான். இப்படிப்பட்ட நல்ல மனுஷர்கள் தயவில்தான் இந்தப் பதினோரு வருடமும் ஓடியது. இடது பக்கத்திலிருந்து யாரோ, மீரான் பாயா தெரியவில்லை, "அந்தம்மா பேசட்டும் சார்" என்கிறார்கள். அது எனக்காகவா, எனக்கு எதிராகவா என்று யோசிக்க நேரமில்லை. "எடுக்காதிய தாயி" என்கிறேன் அந்தப் பெண்ணிடம், அதிகாரியிடம் அல்ல. "சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். யாரோ ஒருத்தி சொன்னான்னு போயிரக் கூடாது. வண்டி நம்பரையும் எழுதிக்கிடுங்க." ஏசி இரைகிறது. அவள் அதிகாரியைப் பார்க்கிறாள். அவர் தடுக்கவும் இல்லை, தலையசைக்கவும் இல்லை. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொள்கிறார். டி.என். எழுபத்தாறு என்கிறேன். அவள் விரல் அந்தப் பொத்தானிலிருந்து நகர்ந்து எண்களுக்குப் போகிறது. தட்டிவிட்டு, "அடுத்து?" என்று நிமிர்கிறாள். ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக, அவள் தட்டி முடிப்பதைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.